முள்ளோடையில் ஒரு பிணம்: துப்பறியும் எழுத்தாளர்கள் யாரிடம் கற்றார்கள், யாரோடு கூடினார்கள்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு முள்ளோடை தெரியும். அதுவரை தமிழ்நாடு, அப்புறம் புதுச்சேரி. எல்லையைத் தாண்டியதும் மதுக்கடைப் பலகைகள் வரிசையாக வரும். ஒரு பேச்சுக்கு, அந்த எல்லைக்கோட்டின் மேல் விடியற்காலையில் ஓர் ஆள் செத்துக் கிடக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். தலை புதுச்சேரியில், கால் தமிழ்நாட்டில். சட்டைப் பையில் ஒரு லாட்ஜ் சாவி. செருப்பில் ஒட்டியிருப்பது கேப்பர் மலைச் செம்மண். அந்தப் பக்கம் கிருமாம்பாக்கம் போலீஸ், இந்தப் பக்கம் ரெட்டிச்சாவடி போலீஸ். வழக்கை யார் எடுப்பது?

இந்தக் கருவை வைத்து நாலு பேர் எழுத உட்கார்ந்தால் கதை நாலு விதமாகப் போகும். ஒருவர் செருப்பு மண்ணில் தொடங்குவார். இவன் கேப்பர் மலைக்கு எதற்குப் போனான், எப்போது போனான், எந்த வண்டியில் திரும்பினான் என்று கணக்குப் போட்டபடியே கொலையாளியின் வாசலுக்கு வந்துவிடுவார். இரண்டாமவர் மண்ணைச் சீண்டவே மாட்டார். செத்தவன் கடைசியாகச் சாப்பிட்ட வீட்டில் இருந்த ஆறு பேரையும் கூடத்தில் உட்கார வைத்து, ஒவ்வொருவர் பொய்யையும் உரிப்பார். மூன்றாமவர் நேராகக் காவல் நிலையத்துக்குள் போய்விடுவார்: எந்த அரசியல்வாதியிடமிருந்து போன் வந்தது, சாராய முதலாளிக்கும் இன்ஸ்பெக்டருக்கும் என்ன கணக்கு என்று. நாலாமவர் செத்தவனின் மனைவி வீட்டுத் திண்ணையில் அதிகம் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அவன் எப்படி வாழ்ந்தான் என்பது பிடிபட்டால், எப்படிச் செத்தான் என்பதும் பிடிபடும் என்று நம்புகிறவர் அவர்.

இந்த நாலு பேருக்கும் பின்னால் ஆளுக்கு ஒரு மூதாதை இருக்கிறார். எழுதுகிறவருக்கே சில சமயம் அது தெரியாது. எதைப் படித்து வளர்ந்தோமோ அது நம் கையெழுத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இலக்கியத் தாக்கம் என்பது இதுதான்.

"அப்படியென்றால் காப்பிதானே?" என்று புதிதாகப் படிக்க வருகிறவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ஆனால் துப்பறியும் கதையில் தாக்கம் கொஞ்சம் வேறு மாதிரி வேலை செய்கிறது. காதல் கதையில் நூறு முறை வந்த முடிவே மறுபடி வந்தாலும் படிப்பவர் கண் கலங்குவார். துப்பறியும் கதையில் ஒரு தந்திரம் ஒருமுறை வெளிவந்துவிட்டால் அதன் சத்து போய்விடும். அடுத்தவர் அதை அப்படியே வைத்தால் மூன்றாம் அத்தியாயத்திலேயே வாசகர் கண்டுபிடித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார். ஆகவே முன்னால் எழுதியவர்கள் என்னென்ன செய்தார்கள் என்று தெரியாமல் இதில் காலெடுத்து வைக்க முடியாது. தெரிந்தபிறகு அதைத் திருப்ப வேண்டும், மறுக்க வேண்டும், கேலி செய்ய வேண்டும், இல்லையென்றால் அதையே பொய்த் தடயமாக வைத்து வாசகரை ஏமாற்ற வேண்டும். இவ்வளவு தூரம் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொண்டே வளர்ந்த கதைவகை வேறு இருக்கிறதா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி அமெரிக்கர் எட்கர் ஆலன் போ. 1841-ல் அவர் எழுதிய ரூ மோர்க் கொலைகள் என்ற சிறுகதைதான் நவீனத் துப்பறியும் கதையின் தொடக்கம் என்று பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். எழுதியவர் அமெரிக்கர், கதை நடப்பது பாரிஸில், துப்பறிகிறவர் துய்பேன் என்ற பிரெஞ்சுக்காரர். அவருடைய கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து வியந்து நமக்குச் சொல்வதற்கென்றே ஒரு நண்பர். தனியாக இருக்கும் மேதை, வியக்கும் நண்பர், தடுமாறும் போலீஸ், கடைசியில் ஒரு விளக்கம் என்று இன்றுவரை ஓடும் ஏற்பாடு முழுவதும் அந்த ஒரு கதையிலேயே இருக்கிறது.

போவை பிரான்ஸில் படித்தவர்களில் எமில் கபோரியோ ஒருவர். 1866-ல் அவர் முழுநீள நாவலாக எழுதத் தொடங்கினார். லெகாக் என்ற போலீஸ்காரர் அவருடைய ஆள். அதையெல்லாம் படித்து வளர்ந்தவர் ஆர்தர் கோனன் டாயில். 1887-ல் ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாக வரும் நாவலில் ஒரு வேடிக்கை உண்டு. வாட்சன் துய்பேனையும் லெகாக்கையும் பற்றிப் பேச்செடுக்கிறார். ஹோம்ஸ் இருவரையும் மட்டம் தட்டுகிறார். அதிலும் லெகாக்கை எதற்கும் உதவாதவன் என்கிற ரீதியில் பேசுகிறார். கடன் வாங்கிய வீட்டு வாசலிலேயே நின்று கொண்டு கடன்காரரைத் திட்டும் இந்தத் தைரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். டாயில் தனிப்பட்ட முறையில் போவை மிக உயர்வாக மதித்தவர். திட்டியது ஹோம்ஸ். அந்தத் திட்டின் வழியாகவே வாசகருக்கு ஒரு சேதி போகிறது: இவர்களை எனக்குத் தெரியும், இனி நான் வேறு வழியில் போகப்போகிறேன்.

ஹோம்ஸுக்கு ரத்தமும் சதையும் கொடுத்தவர் வேறு ஒருவர். டாயில் எடின்பரோவில் மருத்துவம் படித்தபோது பாடம் நடத்திய ஜோசப் பெல். நோயாளி உள்ளே நுழைந்ததும் நடையையும் கையையும் பார்த்தே அவர் தொழில் என்ன, எங்கிருந்து வருகிறார் என்று சொல்லிவிடுவாராம். ஆகவே எழுத்தாளரின் மூதாதைப் பட்டியலில் புத்தகங்களோடு வாத்தியார்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் கதையில் செருப்பு மண்ணைப் பார்க்கிறவர் இந்த வம்சம்.

டாயிலுக்கும் பதிலடி கிடைத்தது. பிரெஞ்சு எழுத்தாளர் மோரீஸ் லெப்லாங் 1905 முதல் அர்சேன் லுப்பேன் என்ற கனவான் திருடனை எழுதினார். ஒரு கதையில் ஹோம்ஸையே கொண்டுவந்து திருடனோடு மோதவிட்டார். டாயில் தரப்பு ஆட்சேபித்ததும் பெயரின் எழுத்துகளை இடம் மாற்றி 'ஹெர்லாக் ஷோம்ஸ்' ஆக்கினார். நம் ஊர்ப் பழைய திரைப்படங்களில் பேர் மாற்றிக்கொண்டு மீசை ஒட்டிக்கொள்வார்களே, கிட்டத்தட்ட அந்த அளவு ரகசியம்தான்.

இரண்டாவது எழுத்தாளரிடம் வருவோம், ஆறு பேரைக் கூடத்தில் உட்கார வைக்கிறவர். அவருடைய குலதெய்வம் அகதா கிறிஸ்டி. முதல் உலகப்போரில் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தவர். விஷங்கள் அங்கே பழக்கமாயின. 1920-ல் வெளிவந்த அவருடைய முதல் நாவலில் நஞ்சைக் கையாண்ட விதத்தை மருந்தாளுநர்களின் பத்திரிகையே பாராட்டியது. அவர் ஊருக்கு வந்திருந்த பெல்ஜிய அகதிகளிலிருந்து ஹெர்க்யூல் பொய்ரோ பிறந்தார். படிப்பின் பக்கத்தில், ஹோம்ஸ் கதைகளும், பூட்டிய அறைக்குள் நடக்கும் குற்றத்தைப் பற்றி காஸ்தோன் லெரு எழுதிய பிரெஞ்சு நாவலும் தன்னைத் தூண்டியதாக அவரே எழுதியிருக்கிறார். வேலை, ஊர், புத்தகம் மூன்றும் கலந்தால்தான் ஒரு எழுத்தாளர். இதில் புத்தகத்தை மட்டும் ஆராய்ந்துவிட்டு, இவர் அவரைப் பார்த்து எழுதினார் என்று தீர்ப்புச் சொல்கிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்கலாம்.

கிறிஸ்டியின் காலத்தில்தான் ஒரு கேள்வி பெரிதாக எழுந்தது: எழுத்தாளர் வாசகரை எந்த அளவுக்கு ஏமாற்றலாம்? விடுகதை போடுகிறவருக்கு ஒரு தர்மம் உண்டு. விடைக்கு வேண்டிய குறிப்பு விடுகதைக்குள்ளேயே இருக்க வேண்டும். "ஆனைக்கால் மூணு, அது என்ன?" என்று கேட்டுவிட்டு, விடை "நேத்து எங்க வீட்டுக்கு வந்த மாமா" என்றால் குழந்தைகூடச் சண்டைக்கு வரும். 1929-ல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், அவரும் துப்பறியும் கதை எழுதுகிறவர், விளையாட்டும் வினையுமாகப் பத்துக் கட்டளைகள் எழுதினார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும். பேய் பிசாசு தீர்வாகக் கூடாது. ரகசிய வழி ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. இதுவரை யாரும் கண்டறியாத விஷம் கூடாது. துப்பறிகிறவருக்குத் தற்செயலாக எதுவும் கைகொடுக்கக் கூடாது. அவர் கண்ட தடயத்தை வாசகரும் உடனே காண வேண்டும். முன்கூட்டிச் சொல்லாமல் இரட்டையரைக் கொண்டுவரக் கூடாது. கடைசிக் கட்டளை மட்டும் நம் ஊரில் அமலில் இருந்திருந்தால் இரட்டை வேடப் படங்களில் பாதி வந்தே இருக்காது.

அடுத்த ஆண்டு, 1930-ல், லண்டனில் துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். பெயர் டிடெக்‌ஷன் கிளப். அந்தோணி பெர்க்லி என்பவர் வீட்டில் கூடிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பழக்கம்தான் சங்கமானது. முதல் தலைவர் ஜி.கே. செஸ்டர்டன். டோரதி எல். சேயர்ஸ், கிறிஸ்டி, நாக்ஸ் எல்லாரும் உறுப்பினர்கள். புதிதாகச் சேர்கிறவர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு மண்டை ஓட்டின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அந்த மண்டை ஓட்டுக்கு எரிக் என்று பெயர் வேறு. தெய்வ வாக்கு, பெண்ணின் உள்ளுணர்வு, மந்திர தந்திரம், தற்செயல், கடவுள் செயல் எதையும் நம்பாமல், தன் துப்பறிவாளர் மூளையை வைத்தே குற்றத்தைக் கண்டுபிடிப்பார் என்பதுதான் சத்தியத்தின் சாரம். பெரிய மனிதர்கள் அங்கி போட்டுக்கொண்டு இதைச் செய்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனாலும் சிரிப்போடு ஒரு காரியம் நடந்தது. தொழில் தர்மம் என்று ஒன்று எழுத்தில் வந்தது. வாசகர் ஏமாந்தால் அது தன் அஜாக்கிரதையால்தான் இருக்க வேண்டும், எழுத்தாளர் எதையும் மறைத்ததால் இருக்கக் கூடாது.

சங்கம் பிறப்பதற்கு முன்பே இந்தத் தர்மத்தின் எல்லையைச் சோதித்துப் பார்த்தவரும் சங்கத்தில் உண்டு. கிறிஸ்டி 1926-ல் எழுதிய ஒரு நாவலின் முடிவு நியாயமா அநியாயமா என்று இன்றுவரை சண்டை போடுகிறார்கள். எந்த நாவல், என்ன முடிவு என்று சொல்ல மாட்டேன். இன்னும் படிக்காதவர்களுக்கு ஒரு பெரிய சுகம் பாக்கியிருக்கிறது, அதை நான் கெடுப்பானேன். பிற்காலத்தில், 1957 முதல் 1976-ல் இறக்கும்வரை, கிறிஸ்டிதான் சங்கத்தின் தலைவர். மேடையில் பேச மாட்டேன் என்று நிபந்தனை போட்டதால் பேசுவதற்கென்று கோரல் பிரபுவை இணைத் தலைவராக வைத்தார்கள். கோடிக்கணக்கில் புத்தகம் விற்ற ஆளுக்கு மேடை பயம்.

அந்தச் சங்கம் செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது 1931-ல் வந்த ஒரு கூட்டு நாவல். ஆற்றில் மிதந்து வரும் படகில் ஒரு கடற்படைத் தளபதியின் பிணம். அத்தியாயத்துக்கு ஓர் எழுத்தாளர். முன்னவர் எழுதியதை மாற்றக் கூடாது. முன்னவர் மனதில் யார் கொலையாளி என்று கேட்கவும் கூடாது. ஆனால் அத்தியாயம் எழுதுகிறவர் தன் மனதில் ஒரு தீர்வு வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். அதைத் தனியாக எழுதியும் கொடுக்க வேண்டும். அந்தத் தீர்வுகளை நூலின் பின்னிணைப்பில் அச்சிட்டார்கள். எட்டாவது அத்தியாயத்துக்கு வந்த நாக்ஸ், அதுவரை சேர்ந்த சிக்கலைப் பார்த்து முப்பத்தொன்பது சந்தேகங்களைப் பட்டியல் போட்டார். கடைசி அத்தியாயம் பெர்க்லி தலையில் விழுந்தது. அவர் அதற்கு வைத்த தலைப்பு, குழப்பத்தைச் சுத்தம் செய்வது என்ற பொருளில்.

ஒரே தடயத்தை ஒவ்வொருவரும் எப்படி வேறு வேறு விதமாக அர்த்தப்படுத்திக்கொண்டார்கள் என்பதைப் பின்னிணைப்பில் அப்பட்டமாகப் பார்க்கலாம். தாக்கம் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது விமர்சன நூல்களைவிட இந்தப் பின்னிணைப்பால்தான்.

இங்கே நம் எழுத்தாளர் தேவனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1940களில் ஆனந்த விகடனில் அவர் எழுதிய துப்பறியும் சாம்பு ஒரு பாங்கி குமாஸ்தா. மூளைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. தடுக்கி விழுவார், விழுந்த இடத்தில் திருடன் இருப்பான். ஊரே அவரை மேதை என்று கொண்டாடும். லண்டன் சங்கத்தின் சத்தியத்தில் எதெல்லாம் கூடாது என்று இருக்கிறதோ அதையெல்லாம் ஒரு ஆளாகச் செய்தால் சாம்பு. மேதைத் துப்பறிவாளர் கதைகளை நன்றாகப் படித்த ஒருவரால்தான் இப்படிக் கேலி செய்ய முடியும். படிப்பவருக்கும் அந்தக் கதைகள் பழக்கமாக இருந்தால்தான் சிரிப்பு வரும். தாக்கத்தின் மிக உயர்ந்த வடிவம் பகடி என்று நான் நினைப்பதற்குச் சாம்புவே சாட்சி.

மூன்றாவது ஆள், காவல் நிலையத்துக்குள் போனவர், அமெரிக்க வம்சம். டாஷியல் ஹாமெட் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் உண்மையிலேயே வேலை பார்த்தவர். பணக்கார மாளிகையில் புதிர் போட்டுக் கொலை செய்கிறவர்களை விட்டுவிட்டு, பணத்துக்கும் பயத்துக்கும் கொலை செய்கிறவர்களை எழுதினார். அவருக்குப் பின் வந்த ரேமண்ட் சாண்ட்லர் எண்ணெய்க் கம்பெனி வேலை போனபிறகு, நாற்பது வயதுக்கு மேல் எழுத வந்தவர். எப்படிக் கற்றார் தெரியுமா? எர்ல் ஸ்டான்லி கார்ட்னரின் ஒரு கதையை எடுத்து, நிகழ்ச்சிகளை விவரமாகக் குறித்துக்கொண்டு, மூலத்தை மூடி வைத்துவிட்டுத் தானே எழுதிப் பார்த்தார். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டு எங்கே சறுக்கினோம் என்று பார்த்தார். மறுபடி எழுதினார். பிற்காலத்தில் கார்ட்னருக்கே கடிதம் எழுதி இதைச் சொல்லியும் இருக்கிறார். புதிதாக எழுத வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. ஒரே விதி, அந்தப் பயிற்சிப் பிரதியை அச்சுக்குக் கொடுக்கக் கூடாது.

நாலாமவர், திண்ணையில் உட்கார்ந்தவர், பெல்ஜியத்தில் பிறந்து பிரெஞ்சில் எழுதிய ஜார்ஜ் சிம்னோனின் பிள்ளை. 1931 முதல் அவர் எழுதிய மேக்ரே நாவல்களில் கமிஷனர் பெரிய அனுமானம் எதுவும் செய்வதில்லை. குற்றம் நடந்த தெருவில் நிற்பார், மழையில் நனைவார், கடையில் உட்கார்ந்து ஏதாவது குடிப்பார், அந்த இடத்தின் வாசனை பிடிபடும்வரை காத்திருப்பார். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு இவரை மூலத்திலேயே படிக்கும் வசதி உண்டு. எளிய, சின்னச் சின்ன வாக்கியங்கள். நான் கேட்டால், இந்த ஊருக்கு மிகப் பொருத்தமான மூதாதை இவர்தான். வெள்ளை நகரத்துச் சுவர்களுக்கும் சாவடி ஓரத்துக் குடிசைகளுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை, ஓடிப்போய்த் தடயம் பொறுக்குகிற துப்பறிவாளர் பார்க்க மாட்டார்.

சங்கங்களின் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 1945-ல் அமெரிக்காவில் மர்ம எழுத்தாளர்கள் சங்கம் பிறந்தது. குற்றம் செய்தால் லாபமில்லை என்ற பழமொழியைத் திருப்பி, குற்றம் போதுமான அளவு லாபம் தருவதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். காரணம் ஒப்பந்தமும் கூலியும்தான். ஆண்டுதோறும் அவர்கள் தரும் விருதின் பெயர் எட்கர், போவின் நினைவாக. 1953-ல் பிரிட்டனில் ஜான் க்ரீசி தொடங்கிய குற்ற எழுத்தாளர் சங்கம் குத்துவாள் பெயரில் விருதுகள் தருகிறது. ஜப்பானில் ஹிராய் தாரோ என்பவர் எட்கர் ஆலன் போ என்ற பெயரையே ஜப்பானிய உச்சரிப்பில் எடோகாவா ராம்போ என்று தன் புனைபெயராக்கிக்கொண்டார். 1947-ல் அங்கே எழுத்தாளர்களைத் திரட்டி ஒரு மன்றமும் அமைத்தார். 1986-ல் சாரா பரெட்ஸ்கியும் தோழிகளும் பெண் குற்ற எழுத்தாளர்களுக்கென ஓர் அமைப்பு தொடங்கினார்கள். பெண்கள் எழுதும் நாவல்களுக்குப் பத்திரிகைகள் மதிப்புரை போடுவதே அபூர்வம், விருதும் அப்படியே என்ற ஆதங்கம் அதன் பின்னால் இருந்தது.

ஒரு எழுத்தாளர் "சமூகத்தில் ஈடுபாடு கொண்டவர்" என்று பின்னட்டையில் போட்டிருந்தால் அதற்கு என்ன அர்த்தம்? விருதுக்கு வரும் புத்தகக் குவியலைச் சம்பளமில்லாமல் படித்துத் தீர்ப்புச் சொல்வது, புதியவரின் கைப்பிரதியைத் திருத்துவது, தொகுப்பு நூலுக்குச் சிறுகதை கேட்டு எல்லாரையும் நச்சரிப்பது, பதிப்பாளரோடு பணத்துக்குச் சண்டை போடுவது என்று எல்லாம் அடங்கும். சிலர் இன்னும் தூரம் போனார்கள். மும்பைப் பார்சி வழிவந்த ஒரு பாதிரியாரின் மகன் ஜார்ஜ் எடல்ஜி, கால்நடைகளைச் சிதைத்ததாக இங்கிலாந்தில் 1903-ல் தண்டிக்கப்பட்டார். டாயில் தானே அந்த வழக்கை ஆராய்ந்து, அவர் நிரபராதி என்று 1907-ல் எழுதினார். எடல்ஜிக்கு மன்னிப்புக் கிடைத்தது. அங்கே குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைந்ததும் அதே ஆண்டுதான். அதற்குத் துணைசெய்த வழக்குகளில் இதையும் சொல்வார்கள். கார்ட்னர் அடிப்படையில் வக்கீல். தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களின் வழக்கை மறுபடி தோண்ட 1948-ல் நிபுணர்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார்.

தமிழுக்கு வருவோம். இங்கே முதல் தாக்கம் தழுவல் வழியாக வந்தது. 1890களிலேயே நடேச சாஸ்திரி தானவன் என்ற போலீஸ் நிபுணரை வைத்து எழுதினார். பிறகு ஆரணி குப்புசாமி முதலியார், துப்பறியும் கோவிந்தனைப் படைத்த ஜே.ஆர். ரங்கராஜு, திகம்பர சாமியாரைப் படைத்த வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று ஒரு பெரிய அலை. லண்டன் தெரு கும்பகோணம் தெருவாகும், துரை மிராசுதாராவார். திகம்பர சாமியார் 1950-ல் படமாக வந்தபோது எம்.என். நம்பியார் வேடத்துக்கு வேடம் மாறி நடித்தார். இந்தத் தழுவல் பழக்கத்தைக் கடுமையாக எதிர்த்தவர் புதுமைப்பித்தன். அவர் பிறந்தது 1906-ல் நம் திருப்பாதிரிப்புலியூரில் என்பதைச் சும்மா ஒரு ஊர்ப் பெருமைக்காகச் சொல்லி வைக்கிறேன். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. வாங்கிய இடத்தைச் சொல்லாமல் வாங்குவதற்கும், வாங்கியதை வாசகர் கண்முன்னே திருப்பிப் போடுவதற்கும் நிறைய வித்தியாசம். அதேசமயம் அந்தத் தழுவல்கள்தான் தமிழில் நாவல் படிக்கும் பழக்கத்தைத் தெருத்தெருவாகக் கொண்டுபோனவை. இரண்டும் உண்மை.

அப்புறம் தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்தபடி உலகம் சுற்றினார். 1960களின் கடைசியில் சுஜாதாவின் கணேஷ் வந்தார், பின்னாலேயே வசந்த். வக்கீலே துப்பறிவாளர் என்பது கார்ட்னர் உலகமெங்கும் பரப்பிய ஏற்பாடு. ஆனால் வசந்தின் வாய் சுஜாதாவின் சொந்தச் சரக்கு. மேதையை வியப்பதற்கென்று போ வைத்த நண்பரை, மேதையையே கிண்டல் செய்கிறவராக மாற்றினார். 1980களில் ராஜேஷ்குமாரின் விவேக்-ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி. பஸ் நிலையக் கடைகளில் மாத நாவல்கள் தோரணமாகத் தொங்கிய காலம். சுபா என்பது சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரண்டு பேர். இரண்டு பேர் உட்கார்ந்து ஒரே கதையை எழுதினால் அதுவே ஒரு குட்டிச் சங்கம்தானே.

மண்டை ஓடு, மெழுகுவர்த்தி எல்லாம் இங்கே தேவைப்படவில்லை. அந்த வேலையைப் பத்திரிகைகள் செய்தன. ஆசிரியர் தொடர்கதை கேட்பார், பக்கக் கணக்கு சொல்வார், ஓவியர் அத்தியாயம் வருவதற்கு முன்பே படம் வரைந்துவிடுவார், வாசகர் கடிதத்தில் ஓட்டையைக் கண்டுபிடித்து எழுதுவார். அடுத்த வாரம் தொடரும் என்ற இடத்தில் கொக்கி போடும் கலை அங்கே வளர்ந்ததுதான். நியாயமான தடயம் வைக்கும் கலை அந்த அளவு வளரவில்லை என்பது என் குறை. வாரா வாரம் எழுதித் தள்ளுகிறவர், முதல் வாரத்தில் வைக்காத தடயத்தைப் பன்னிரண்டாம் வாரத்தில் நினைத்துக்கொண்டால் திரும்பிப் போய் வைக்க முடியாதே. எழுத்தாளர்களே கூடி ஒருவர் பிரதியை ஒருவர் குடைந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கலாம்.

புத்தகங்களை விட்டால் ஊரும் ஒரு மூதாதை. 1908 முதல் 1918 வரை பாரதி புதுச்சேரியில் இருந்தபோது பிரிட்டிஷ் உளவாளிகள் வீட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். 1954 நவம்பர் 1 வரை இந்த எல்லை இரண்டு அரசுகளுக்கு நடுவிலான எல்லை. சுங்கச் சோதனையும் கடத்தலும் அன்றாடம். பாகூர்ப் பக்கம் போனால் இப்போதும் ஒரு வயல் தமிழ்நாடு, அடுத்தது புதுச்சேரி. சிவப்புத் தொப்பிக் காவலர் ஒரு பக்கம், காக்கித் தொப்பிக் காவலர் மறுபக்கம். யார் எல்லை என்பதே ஒரு மர்மமாகும் இடம் எத்தனை எழுத்தாளர்களுக்குக் கிடைக்கும்? 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி எல்லையைக் காரணம் காட்டி எந்த நிலையமும் புகாரைத் திருப்பி அனுப்ப முடியாது, ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். இன்றைய கதையில் இன்ஸ்பெக்டர் "எங்க லிமிட் இல்லை" என்று கையை விரித்தால் சட்டம் தெரிந்த வாசகர் பிடித்துக்கொள்வார்.

எழுதிப் பார்க்க ஆசை இருந்தால் முதலில் கடன் கணக்கைப் பாருங்கள். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய மாத நாவல் கிடைத்தால் இரண்டு வாங்குங்கள், ரோமன் ரோலண்ட் நூலகத்தில் ஒரு மொழிபெயர்ப்பு எடுங்கள். துப்பறிகிறவர் எதை முதலில் பார்க்கிறார், யாரிடம் சொல்கிறார், போலீஸ் அவரை எப்படி நடத்துகிறது என்ற மூன்றை மட்டும் ஓரத்தில் குறித்துக்கொண்டே படித்தால், யார் யாருக்குப் பிள்ளை என்பது தானாகத் தெரியவரும்.

பிறகு ஐந்தாறு பேர் சேருங்கள். சில்வர் பீச்சில் கூடினாலும் சரி, யாராவது ஒருவர் வீட்டு மாடியானாலும் சரி. முள்ளோடைக் கருவையே எடுத்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆளுக்கு ஒரு அத்தியாயம், மாதம் ஒன்று. எழுதி முடித்ததும் தன் தீர்வை உறையில் போட்டு ஒட்டி, எழுதாத ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். கடைசி அத்தியாயம் எழுதுகிறவரைச் சீட்டுப் போட்டு முதலிலேயே தேர்ந்தெடுத்துவிடுவது நல்லது. பின்னால் விட்டால் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.